மாற்றப்படாமல் மிஞ்சியவை: மேன் தீவின் ரயில்களும் டிராம்களும்

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள ஐரிஷ் கடலில், ஐல் ஆஃப் மேன் என்று அழைக்கப்படும் மேன் தீவு அமைந்துள்ளது. 572 சதுர கிலோமீட்டர் பரப்பும் ஏறத்தாழ 84,000 மக்கள்தொகையும் கொண்ட இச்சிறு தீவில், 19ஆம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளில் போடப்பட்ட நான்கு பாதைகள் இன்றும் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. தெற்கே நீராவி ரயில், வடக்கே மின்சார டிராம், நடுவே உள்ள மலைக்கு ஒரு மின்சார மலைப்பாதை, தலைநகரின் கடற்கரைச் சாலையில் குதிரைகள் இழுக்கும் டிராம் என இழுவிசையின் வெவ்வேறு காலகட்டங்கள் ஒரே தீவில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இயங்குவது உலகில் அரிதாகவே காணப்படும் நிலை. தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காரோ பேருந்தோ இல்லாமல், இந்தப் பழைய வண்டிகளில் மட்டுமே ஏறி இறங்கிப் பெரும்பாலும் சென்றுவிடலாம்.

இவை யாவும் பழமையின் மீது கொண்ட பற்றினால் மட்டுமே காப்பாற்றப்பட்டவை என்று எண்ணுவது எளிது. ஆனால் வரலாறு வேறு விதமாக இருக்கிறது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை அமைக்கப் பணம் இல்லாமல் போன காலங்களே இவ்வண்டிகளை முதலில் பிழைக்க வைத்தன. பிறகு அவற்றை ஓட்டிய நிறுவனங்கள் தளர்ந்தபோது, தன் காரியங்களைத் தானே முடிவு செய்துகொள்ளும் ஒரு சிறிய நாடாளுமன்றம் அவற்றை ஏற்றுக்கொண்டது. மேன் தீவு பிரித்தானிய முடியரசின் பொறுப்பில் இருந்தாலும், ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அன்று. டின்வால்ட் என்ற தன் சொந்த நாடாளுமன்றத்தையும் சட்டங்களையும் வரிகளையும் உடையது. இத்தீவின் ரயில்களின் கதையில் இந்த அரசியல் தகுதிக்கு எஞ்சின்களுக்கு நிகரான இடம் உண்டு.

உல்லாசப் பயணிகளுக்காகப் பிறந்த பாதைகள்

1830இல் தொடங்கப்பட்ட ஐல் ஆஃப் மேன் ஸ்டீம் பாக்கெட் என்ற கப்பல் நிறுவனம், தீவை லிவர்பூல் துறைமுகத்தோடு ஒழுங்காக இணைத்தது. லிவர்பூலுக்குப் பின்னால் இருந்த லங்காஷயர் பகுதியின் பஞ்சாலை நகரங்களில், கோடையில் ஒரு வாரம் ஆலைகளை மொத்தமாக மூடித் தொழிலாளர்களுக்கு ஓய்வு விடும் வழக்கம் பரவியிருந்தது. ஒரு நகரம் முழுவதுமே அந்த வாரத்தில் கடற்கரை ஊர்களை நோக்கிக் கிளம்பியது. அந்தக் கூட்டத்தில் கணிசமான பகுதி மேன் தீவுக்கு வந்தது. தீவின் மக்கள்தொகை சுமார் 52,000ஆக இருந்த நிலையில், 1913ஆம் ஆண்டின் கோடையில் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வந்து இறங்கினர். இத்தனை பேரைத் தலைநகரான டக்ளஸிலிருந்து தீவின் விரிகுடாக்களுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் மலைக்கும் கொண்டு செல்ல வேண்டிய தேவையும், ஈயமும் துத்தநாகமும் வெட்டியெடுத்த சுரங்கங்களின் தேவையும் சேர்ந்துதான் இவ்வளவு சிறிய நிலத்தில் இத்தனை பாதைகளை உருவாக்கின.

தெற்கே: நீராவி ரயில்

மேன் தீவு ரயில்வே நிறுவனம் 1870இல் உருவாகி, டக்ளஸிலிருந்து மேற்குக் கரையிலுள்ள பீல் நகருக்குத் தன் முதல் பாதையை 1873 ஜூலை 1 அன்றும், தென்முனையிலுள்ள போர்ட் எரினுக்கு இரண்டாம் பாதையை 1874 ஆகஸ்ட் 1 அன்றும் திறந்தது. வேறொரு நிறுவனம் 1879இல் வடக்கு நகரான ராம்சிக்குப் பாதை போட்டது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் இவற்றில் 914 மில்லிமீட்டர், அதாவது மூன்று அடி. பிரிட்டனின் பெருநிலப் பாதைகளில் இது 1,435 மில்லிமீட்டர். அகலம் குறைந்த பாதை மலைச்சரிவுகளில் கூர்மையாக வளைந்து செல்லக்கூடியது. மண் வெட்டும் வேலையும் பாலங்களின் அளவும் குறைவதால் செலவும் குறைகிறது. பெரிய நகரங்களோ கனத்த சரக்குகளோ இல்லாத தீவுக்கு இதுவே பொருத்தமாக இருந்தது.

முதல் எஞ்சின்களை மான்செஸ்டரின் பேயர் பீகாக் தொழிற்சாலை கட்டித் தந்தது. எரிபொருளையும் நீரையும் தனிப் பெட்டியில் இழுத்துச் செல்லாமல், கொதிகலனின் இருபுறமும் நீர்த்தொட்டிகளைச் சுமந்து செல்லும் இவை ‘டேங்க் எஞ்சின்’ வகையைச் சேர்ந்தவை. முன்னால் வழிகாட்டும் ஒரு சிறிய இணைச்சக்கரமும், அதன் பின்னே இழுவையைத் தரும் இரண்டு பெரிய இணைச்சக்கரங்களும் உடையவை. 1873இல் வந்த சதர்லாண்டு, டெர்பி, பெண்டர் என்ற மூன்றில் தொடங்கி 1926இல் வந்த மான்னின் வரை, கொதிகலன் பெரிதானதே தவிர அமைப்பு பெரிதாக மாறவில்லை. புதிய வடிவத்தைத் தேடிச் செலவிடுவதைவிட, பழக்கப்பட்ட வடிவத்தையே மறுபடி வாங்குவது சிறிய நிறுவனத்துக்கு வசதியாக இருந்தது. ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி ஓட்டவும் முடிந்தது. 1874இல் வந்த லாக் என்ற எஞ்சின் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் இப்பாதையில் ஓடியிருப்பதற்கு இந்த ஒருசீர்மையும் ஒரு காரணம். பெண்டரோ நீளவாக்கில் வெட்டப்பட்டு, நீராவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பார்வையாளருக்கு விளக்கும் பொருளாக மான்செஸ்டரின் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

இப்போது எஞ்சியிருப்பது தெற்குப் பாதை மட்டுமே. சுமார் 25 கிலோமீட்டர் நீளமுள்ள அது, டக்ளஸின் செங்கல் கட்டட நிலையத்திலிருந்து புறப்பட்டு, சாண்டன், பல்லசல்லா ஆகிய ஊர்களைத் தாண்டி, இடைக்காலக் கோட்டையான காசில் ரஷன் நிற்கும் பழைய தலைநகர் காசில்டவுனைத் தொட்டு, போர்ட் செயின்ட் மேரி வழியாகப் போர்ட் எரினில் முடிகிறது. போர்ட் எரின் நிலையத்தை ஒட்டிச் சிறிய ரயில் அருங்காட்சியகமும் உள்ளது. பீல், ராம்சி பாதைகளில் 1968க்குப் பிறகு பயணிகள் ரயில் ஓடவில்லை. அவற்றின் தடங்களில் பெரும்பகுதி இன்று நடப்பவர்களுக்கான பாதைகளாக மாறியிருக்கிறது.

வடக்கே: மின்சார டிராம்

டக்ளஸ் விரிகுடாவின் வடக்கு முனையான டெர்பி காசிலிலிருந்து கிளம்பும் மேங்ஸ் மின்சார ரயில்வே, நிலவணிகத்தின் குழந்தை. கடற்கரை மேட்டு நிலங்களை மனைகளாக விற்க விரும்பியவர்கள், வாங்க வருவோரை அங்கே கொண்டு சேர்க்க 1893 செப்டம்பர் 7 அன்று கிரவுடில் வரை முதல் பகுதியைத் திறந்தனர். அது 1894இல் லாக்ஸி வரையும், 1899இல் ராம்சி நகரத்துக்குள்ளும் நீண்டு, 28 கிலோமீட்டர் நீளமுள்ள இரட்டைப் பாதையாக முழுமை பெற்றது. சென்னையில் மின்சார டிராம் 1895இல் ஓடத் தொடங்கியது என்பதை நினைத்தால், இத்தொழில்நுட்பம் அப்போது எவ்வளவு இளமையானது என்பது விளங்கும். மின்சாரம் ஊர்களுக்கு வராத காலமாதலால், நிறுவனமே நிலக்கரியை எரித்துத் தன் பாதைக்கான மின்சாரத்தை உற்பத்தி செய்துகொண்டது. எட்வர்ட் ஹாப்கின்சன் என்ற பொறியாளர் இதன் மின்னமைப்பை வடிவமைத்தார். பாதைக்கு மேலே தொங்கும் கம்பியில் 550 வோல்ட் நேர்மின்னோட்டம் செல்ல, வண்டியின் கூரையிலிருந்து நீளும் கோல் அதைத் தொட்டு மோட்டார்களுக்கு எடுத்து வருகிறது. மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியே திரும்பிச் சென்று சுற்றை நிறைவு செய்கிறது.

1893இல் வந்த 1, 2 எண்ணுள்ள பெட்டிகள் இன்றும் அதே பாதையில் ஓடும் நிலையில் உள்ளன. தாம் பிறந்த தடத்திலேயே தொடர்ந்து பணி செய்யும் மின்சார டிராம் வண்டிகளில் உலகிலேயே மூத்தவையாக இவை மதிக்கப்படுகின்றன. இந்த நீண்ட ஆயுளுக்குப் பின்னால் ஒரு வங்கியின் வீழ்ச்சி இருக்கிறது. டிராம் நிறுவனம் தம்பெல்ஸ் என்ற உள்ளூர் வங்கியின் கடனை நம்பி வேகமாக விரிந்தது. அந்த வங்கியின் தலைமையில் இருந்த அலெக்சாண்டர் புரூஸ்தான் டிராம் நிறுவனத்துக்கும் தலைவர். 1900 பிப்ரவரியில் வங்கி கதவடைத்தபோது நிறுவனமும் திவாலாகி, 1902இல் மேங்ஸ் மின்சார ரயில்வே என்ற புதிய நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 1906க்குப் பிறகு மோட்டார் பொருத்திய புதிய பயணிகள் பெட்டி ஒன்றுகூட வாங்கப்படவில்லை. 1930இல் லாக்ஸி வண்டிக்கூடம் தீப்பிடித்துப் பல பெட்டிகள் சாம்பலானபோதும், மோட்டார் இல்லாத சில இணைப்புப் பெட்டிகளே பதிலாக வந்தன. பிற நகரங்களில் டிராம்கள் புதிய தலைமுறை வண்டிகளுக்கும், பின்னர் பேருந்துகளுக்கும் இடம் விட்டு மறைந்த காலத்தில், இங்கே மரத்தால் ஆன பெட்டிகள் மீண்டும் மீண்டும் பழுதுபார்க்கப்பட்டு ஓடின.

இவ்வண்டிகள் சுற்றுலாப் பயணிகளை மட்டும் ஏற்றவில்லை. வழியிலுள்ள கற்குவாரிகளிலிருந்து கருங்கல்லும், ஊர்களின் தபாலும் இவற்றில் சென்றன. பக்கங்கள் திறந்து, குறுக்கே பலகை இருக்கைகள் வரிசையாக உள்ள கோடைப் பெட்டிகளும், கண்ணாடிச் சன்னல்கள் கொண்டு மூடிய குளிர்காலப் பெட்டிகளும் எனத் தட்பவெப்பத்துக்கு ஏற்ற இருவகைப் பெட்டிகள் இன்றும் பயனில் உள்ளன. லாக்ஸியைத் தாண்டியதும் பாதை கடல்மட்டத்துக்கு வெகு உயரத்தில் பாறைச்சரிவின் விளிம்பை ஒட்டிச் செல்கிறது. புல்கம் என்ற அந்த இடத்தில் 1967 தொடக்கத்தில் தாங்குசுவர் சரிந்தபோது, இரு புறமும் வண்டிகள் வந்து நிற்க, பயணிகள் நடுவிலுள்ள தூரத்தை நடந்து கடந்து மறுவண்டியில் ஏறினர். சுவர் சீராகும் வரை சேவை இவ்வாறே நடந்தது.

மலைமேல்: ஸ்னேஃபெல் பாதை

தீவின் மிக உயர்ந்த சிகரமான ஸ்னேஃபெல் 621 மீட்டர் உயரமுடையது. லாக்ஸியிலிருந்து அதன் உச்சிக்குச் செல்லும் எட்டு கிலோமீட்டர் பாதை ஏழே மாதங்களில் கட்டி முடிக்கப்பட்டு, 1895 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பாதை பெரும்பாலும் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் செல்கிறது. அதாவது பன்னிரண்டு மீட்டர் முன்னேறினால் ஒரு மீட்டர் உயர்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் ரயில் விடப்பட்ட நீலகிரிப் பாதையிலும் மிகக் கடினமான ஏற்றம் ஏறத்தாழ இதே அளவுதான். அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட தண்டு போடப்பட்டு, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றி ஏறுகிறது. ஸ்னேஃபெல்லில் பற்கள் இல்லை. ஒவ்வொரு பெட்டியின் நான்கு அச்சுகளும் தனித்தனி மோட்டாரால் சுழற்றப்படுவதால், பெட்டியின் முழு எடையும் சக்கரத்தைத் தண்டவாளத்தோடு அழுத்தி, வழுக்காமல் ஏற வைக்கிறது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் மலைப்பாதைகளின் பெரிய சிக்கல். அதற்காக இங்கே தண்டவாளங்களுக்கு நடுவே, சற்று உயர்த்தி, மூன்றாவதாக ஒரு வழுவழுப்பான தண்டு பொருத்தப்பட்டுள்ளது. ஜான் பாரக்ளஃப் ஃபெல் என்பவரின் பெயரால் இது ஃபெல் தண்டு எனப்படுகிறது. பெட்டியின் அடியிலுள்ள தடைக்கட்டைகள் இருபுறமிருந்தும் இத்தண்டைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகின்றன. ஃபெல்லின் மூல அமைப்பில் படுக்கைவாட்டச் சக்கரங்கள் நடுத்தண்டை அழுத்தி ஏற்றத்துக்கும் உதவின. 1868இல் ஆல்ப்ஸ் மலையின் மான் செனீ கணவாயிலும், பின்னர் நியூசிலாந்தின் ரிமுடாக்கா ஏற்றத்திலும் அவ்வாறே பயன்பட்டது. ஸ்னேஃபெல்லில் மின்மோட்டார்களே ஏற்றத்துக்குப் போதுமாக இருந்ததால், நடுத்தண்டு தடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளப்பட்டது. அதற்கு இடம் வேண்டியிருந்ததால், இப்பாதையின் அகலம் தீவின் மற்ற பாதைகளைவிடக் கூடி 1,067 மில்லிமீட்டராக அமைந்தது. இதனால் லாக்ஸி நிலையத்தில் இரண்டு மின்சாரப் பாதைகளும் அருகருகே வந்து நின்றாலும், ஒன்றின் வண்டி மற்றொன்றில் நேராக ஓட முடியாது.

1895இல் வந்த பெட்டிகளே இன்றுவரை இப்பாதையில் ஓடுகின்றன. 1970இல் ஒன்று தீயில் எரிந்து மறுபடி கட்டப்பட்டது. 1970களின் இறுதியில் ஜெர்மனியின் ஆகன் நகரில் ஓய்வுபெற்ற டிராம்களின் மோட்டார்கள் இவற்றில் பொருத்தப்பட்டன. அதன் பிறகு, இறங்கும்போது மோட்டார்களே மின்னாக்கிகளாக மாறி வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. அப்போது பிறக்கும் மின்சாரம் கூரையிலுள்ள மின்தடைகளில் வெப்பமாகிக் காற்றில் கலக்கிறது. குளிர்காலத்தில் உறைபனியும் சூறைக்காற்றும் அறுத்துவிடாதபடி மேற்பகுதியின் மின்கம்பி கழற்றி எடுக்கப்பட்டு, வசந்தத்தில் மறுபடி கட்டப்படுகிறது. தெளிந்த நாளில் உச்சியிலிருந்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, மேன் ஆகிய ஐந்து நாடுகளோடு விண்ணுலகம் என்ற ஆறாவது அரசையும் காணலாம் என்பது தீவினரின் வழக்குமொழி.

கடற்கரையில்: குதிரை டிராம்

ஷெஃபீல்டிலிருந்து ஓய்வுபெற்று வந்த தாமஸ் லைட்ஃபுட் என்ற பொறியாளர், 1876 ஆகஸ்ட் 7 அன்று டக்ளஸ் கடற்கரைச் சாலையில் குதிரை டிராமைத் தொடங்கினார். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மீது உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஆகவே சாதாரண சாலையில் இழுக்க முடியாத எடையை, தண்டவாளத்தில் ஒரே குதிரை இழுத்துச் சென்றுவிடுகிறது. இந்த எளிய இயற்பியலே உலகெங்கும் குதிரை டிராம்களைப் பரப்பியது. மின்சாரம் வந்ததும் அவை பெரும்பாலும் வேகமாக மறைந்தன. டக்ளஸில் 1902 முதல் நகராட்சியின் கையில் இருந்த இப்பாதையை மின்மயமாக்கும் யோசனை எழுந்தும் நிறைவேறவில்லை. 1927 முதல் கோடையில் மட்டும் ஓடும் சேவையாகச் சுருங்கியதால், நாள்தோறும் வேலைக்குச் செல்வோரின் அவசரத்துக்கு அது ஈடுகொடுக்க வேண்டியதும் இல்லாமல் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் சேவை நின்றது. கடற்கரை விடுதிகள் அப்போது, பகை நாட்டுக் குடிமக்கள் என்று கருதப்பட்டோரை அடைத்துவைக்கும் முகாம்களாக மாற்றப்பட்டிருந்தன. வேலையிலிருந்து ஓய்வுபெறும் டிராம் குதிரைகளுக்கென டக்ளஸ் அருகே 1950இல் தொடங்கப்பட்ட புகலிடம் இன்றும் நடைபெறுகிறது.

இரு சிறு பாதைகள்

இந்நான்கோடு தன்னார்வலர்கள் மீட்ட இரண்டு மிகச்சிறிய பாதைகளும் சேர்கின்றன. கிரவுடில் பள்ளத்தாக்கில் 1896இல் திறக்கப்பட்ட இரண்டடி அகலப் பாதை, கடற்பாறைகளுக்கு நடுவே கடற்சிங்கங்களும் துருவக்கரடிகளும் வைக்கப்பட்டிருந்த காட்சியிடத்துக்குப் பயணிகளைக் கொண்டு சென்றது. அதன் எஞ்சின்களுக்கும் அவ்விலங்குகளின் பெயர்களே சூட்டப்பட்டன. 1962இல் மூடப்பட்ட அப்பாதையை ஆர்வலர்கள் 1980களில் மறுபடி போடத் தொடங்கினர். லாக்ஸியிலோ, வெறும் 19 அங்குல அகலமுள்ள சுரங்கப் பாதையின் ஒரு பகுதி 2004இல் மீண்டும் திறக்கப்பட்டு, எறும்பு, தேனீ என்று பொருள்படும் பெயர்களைக் கொண்டிருந்த பழைய எஞ்சின்களின் நகல்கள் அதில் ஓடுகின்றன. அதே சுரங்கத்தின் நீரை இறைக்க 1854இல் நிறுவப்பட்ட, 22 மீட்டர் விட்டமுள்ள லாக்ஸி நீர்ச்சக்கரம் டிராம் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் நிற்கிறது.

காப்பாற்றியது யார்

பிரிட்டனின் பழைய ரயில்கள் பெரும்பாலும் ஆர்வலர் சங்கங்களால் மீட்கப்பட்டவை. 1951இல் வேல்ஸின் டாலிலின் பாதையில் தொடங்கிய அவ்வியக்கம், 1963இல் பீச்சிங் அறிக்கை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாதைகளை மூடப் பரிந்துரைத்த பின் பெரிதாக வளர்ந்தது. மேன் தீவின் பாதைகள் பிரிட்டனின் அரசு ரயில்வேயின் கீழ் இல்லாததால் அந்த அறிக்கை அவற்றைத் தொடவில்லை. ஆனால் பயணிகள் குறைந்த துன்பம் அவற்றையும் தொட்டது. மலிவான விமானப் பயணம் லங்காஷயர் மக்களை ஸ்பெயினின் வெயிலுக்கு அழைத்துச் சென்றது.

மின்சார ரயில்வே இனி நடத்த இயலாது என்று கைவிரித்தபோது, டின்வால்ட் 1957இல் அதையும் மலைப்பாதையையும் 50,000 பவுண்டுக்கு வாங்கியது. நீராவி ரயில் 1965 முடிவில் நின்றுபோனது; 1967இல் ஐல்சா பிரபு குத்தகைக்கு எடுத்து மூன்று பாதைகளையும் திறந்தார்; வருமானம் போதாமல் அடுத்த ஆண்டே இரண்டு கைவிடப்பட்டன. எஞ்சிய தெற்குப் பாதை 1978இல் அரசுடைமையாயிற்று. குதிரை டிராமைத் தொடர்ந்து நடத்த இயலாது என 2016இல் நகராட்சி அறிவித்தபோது, எதிர்ப்பு எழ, அதையும் அரசே ஏற்றது. கடற்கரைச் சாலை சீரமைப்புக்குப் பின் 2022இல் குறுகிய தூரத்தில் அது மறுபடி ஓடத் தொடங்கியது.

இந்த முடிவுகள் எவையும் எளிதாக எடுக்கப்பட்டவை அல்ல. மின்சாரப் பாதையின் லாக்ஸி–ராம்சி பகுதியை அரசே 1975இல் மூடி, அதனால் பயணிகள் வரத்து குறைந்ததைக் கண்டு 1977இல் திறந்தது என்பது, இழப்பின் கணக்கு பார்க்கப்பட்ட பிறகே இப்பாதைகள் தக்கவைக்கப்பட்டதைக் காட்டுகிறது. தண்டவாளங்கள் மாற்றப்படுகின்றன, பாலங்கள் மறுபடி கட்டப்படுகின்றன, கொதிகலன்கள் புதிதாகச் செய்யப்படுகின்றன. சீட்டு விற்பனை இச்செலவை ஈடுகட்டுவதில்லை, எஞ்சியதை வரிப்பணம் தாங்குகிறது. ஆகவே ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையிலும் இதே கேள்வி புதிதாக எழுகிறது. சிறு நாட்டில் வாக்களிப்பவர்களும், வாக்கு கேட்பவர்களும், டிராமை ஓட்டுபவர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருப்பதால், பாதையை மூடும் முடிவு எங்கோ தொலைவிலுள்ள அலுவலகத்தின் கையொப்பமாக முடிந்துவிடுவதில்லை. வறுமை பழைய வண்டிகளை ஒரு காலத்தில் தற்செயலாக விட்டுவைத்தது; அதன் பிறகு அவை ஓடிக்கொண்டிருப்பது, ஆண்டுதோறும் பணம் ஒதுக்கித் தெரிந்தே செய்யப்படும் தேர்வு.